எந்தக் கதவால் உள்ளே போகிறோம்? உலாவிகளின் கணக்கைப் படிப்போம்



அநேக லயங்களில் இப்போது வீட்டுக்கு ஒரு போனாவது இருக்கிறது. பரீட்சைப் பெறுபேறு, வேலை விண்ணப்பம், உதவிப் பணத்துக்கான பதிவு என்று பல காரியங்கள் அந்தப் போனுக்குள்ளேயே வந்துவிட்டன. அதனால் லயங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சிலிருந்து இன்றைய பாடத்தைத் தொடங்குகிறோம்.

மகள் படித்த பிள்ளை. ஒரு விண்ணப்பத்தை போனில் நிரப்புகிறாள். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் போட்டுவிட்டாள். கடைசிப் பக்கத்தில் பட்டனை அழுத்துகிறாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்துகிறாள். வெள்ளைப் பக்கம் வருகிறது. ரீலோட் போட்ட காசும் கரைந்துபோகிறது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொல்கிறார்: "விடு புள்ள. நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது. இது படிச்சவுங்க பாத்துக்கிற வேல."

மறுநாள் பக்கத்து வீட்டு அண்ணனின் போனில் அதே விண்ணப்பம் ஒரே தடவையில் போய்ச் சேர்கிறது. ஆனால் அந்தப் பிள்ளையின் மனதில் என்ன நிற்கிறது? "நான்தான் என்னமோ தப்பாப் பண்ணிட்டேன்" என்பதே நிற்கிறது.

அவள் பிழை ஒன்றும் செய்யவில்லை. அவள் நுழைந்த கதவு வேறு, அண்ணன் நுழைந்த கதவு வேறு. அந்தக் கதவுக்கு உலாவி என்று பெயர். உலகத்தில் எந்த உலாவியை எத்தனை பேர் பாவிக்கிறார்கள், நாட்டுக்கு நாடு அது ஏன் மாறுகிறது, அதனால் நமக்கு வரும் நன்மை தீமை என்ன என்று இனிப் பார்ப்போம்.

உலாவி என்றால் என்ன?

இணையத்தில் இருக்கும் பக்கங்களைக் கொண்டுவந்து நம் கண்முன் விரித்துக் காட்டும் மென்பொருள்தான் உலாவி. இங்கிலீசில் பிரவுசர் என்பார்கள். குரோம், பயர்பொக்ஸ், சபாரி, எட்ஜ், ஒபேரா மினி, சம்சுங் இன்டர்நெட் எல்லாம் உலாவிகளே. நம்மில் பலர் குரோமையே "கூகுள்" என்று சொல்கிறோம். கூகுள் என்பது தேடித் தரும் சேவை. குரோம் என்பது அதே கம்பனி செய்த உலாவி. இரண்டும் வேறு.

இணையப் பக்கம் ஒன்று படமாக வந்து இறங்குவதில்லை. "தலைப்பை இங்கே போடு, படத்தை அங்கே வை, கீழே ஒரு பட்டன் வை, அதை அழுத்தினால் இதைச் செய்" என்ற கட்டளைகளாகத்தான் வருகிறது. உலாவி அந்தக் கட்டளைகளை வாசித்துப் பக்கத்தைக் கட்டுகிறது. தொரை ஒரே ஓடரைக் கொடுத்தாலும் இரண்டு கங்காணிமார் அதை இரண்டு விதமாகப் புரிந்துகொண்டு வேலை பிரிப்பது உண்டல்லவா? அதுபோல ஒரே பக்கத்தை இரண்டு உலாவிகள் இரண்டு விதமாகக் காட்டலாம். பழைய உலாவிக்குப் புதிய கட்டளை விளங்காமலும் போகலாம். அந்தப் பிள்ளையின் பட்டன் வேலை செய்யாததற்கு இப்படியான காரணங்கள்தான் இருக்கும்.

பேர்க் கணக்கும் கிலோக் கணக்கும்

"உலகத்தில் நூற்றுக்கு இத்தனை வீதம் குரோம்" என்று செய்திகளில் வாசிக்கிறோம். இதைச் சந்தைப் பங்கு என்பார்கள். வீதக் கணக்கை வாசிக்கும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, பங்கு விழுந்தால் ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு டிவிசனில் 100 பேர் கொழுந்து எடுக்கிறார்கள். அவர்களில் 30 பேர் பிரம்புக் கூடை போடுகிறார்கள். கூடையின் பங்கு 30 வீதம். பின்பு டிவிசன் பெருத்து 300 பேர் ஆகிறார்கள். புதிதாக வந்தவர்கள் எல்லோரும் சாக்குப் பை கட்டுகிறார்கள். கூடைக்காரர் அதே 30 பேர்தான். இப்போது கூடையின் பங்கு 10 வீதம். கூடையை ஒருவர்கூட விடவில்லை. ஆனாலும் பங்கு மூன்றில் ஒன்றாகிவிட்டது. இணையத்திலும் இதுதான் நடந்தது. கணனியில் மட்டும் ஓடிய உலாவிகளின் பங்கு விழுந்ததற்கு, போனோடு புதிதாக வந்து சேர்ந்த கோடிக்கணக்கான மக்களும் ஒரு காரணம்.

இரண்டாவது, எதை எண்ணுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கொழுந்து மடுவத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று பேர்க் கணக்கு எடுக்கலாம். எத்தனை கிலோ வந்தது என்று கிலோக் கணக்கும் எடுக்கலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே பதிலைத் தராது. ஒருவர் 12 கிலோ எடுத்திருப்பார், மற்றவர் 25 கிலோ எடுத்திருப்பார்.

அயர்லாந்தில் உள்ள ஸ்டாட்கவுண்டர் என்ற நிறுவனம் திறக்கப்படும் பக்கங்களை எண்ணுகிறது. இது கிலோக் கணக்கு. ஒருவர் ஒரு நாளில் 50 பக்கம் திறந்தால் 50 என்று விழும். நெட் அப்ளிக்கேஷன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வந்து போகும் ஆட்களை எண்ணியது. அதோடு எந்த நாட்டில் எத்தனை பேர் இணையம் பாவிக்கிறார்கள் என்று பார்த்துக் கணக்கைத் திருத்தியது. இது பேர்க் கணக்கு. 2012ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்த இரண்டு கணக்குக்கும் பெரிய வித்தியாசம் வந்தது. குரோம் 32 வீதத்துக்குச் சற்று மேலே வந்து மைக்ரோசொப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை மயிரிழையில் முந்திவிட்டது என்றது ஸ்டாட்கவுண்டர். அதே மாதம் எக்ஸ்புளோரர் பாதிக்கு மேல் வைத்து முன்னால் நிற்கிறது என்றது நெட் அப்ளிக்கேஷன்ஸ். யாரும் பொய் சொல்லவில்லை. அளந்த தராசு வேறு.

ஆகவே யாராவது ஒரு வீதத்தைச் சொன்னால் "எதை எண்ணுனீங்க? எப்படி எண்ணுனீங்க?" என்று கேட்கப் பழகுவோம். சம்பளக் கணக்குக்கும் இதே பழக்கம் உதவும்.

முப்பது வருடக் கதை

முதல் உலாவியை டிம் பேர்னஸ்-லீ என்ற ஆங்கிலேயர் 1990ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் உள்ள சேர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் எழுதினார். 1993இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்திலிருந்து மொசைக் என்ற உலாவி வந்தது. எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் சேர்ந்து வந்ததால் சாதாரண மக்களுக்கும் அது பிடித்துப்போனது. அதைச் செய்தவர்களில் சிலர் சேர்ந்து 1994 டிசம்பரில் நெட்ஸ்கேப் நவிகேற்றரை வெளியிட்டார்கள். சில வருடங்கள் இணையம் என்றாலே நெட்ஸ்கேப் என்றிருந்தது.

1995 ஆகஸ்டில் மைக்ரோசொப்ட் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை இறக்கியது. பின்னர் அதை வின்டோஸோடு சேர்த்தே கொடுத்தது. கணனி வாங்கினால் உலாவியும் உள்ளேயே இருக்கும். கையில் ஒன்று இருக்கும்போது வேறொன்றைத் தேடிப் போகிறவர் எத்தனை பேர்? நெட்ஸ்கேப்பின் பங்கு மளமளவென்று சரிந்தது. 1998 மே மாதம் அமெரிக்க அரசாங்கம் மைக்ரோசொப்ட் மீது வழக்குப் போட்டது. கம்பனி சட்டத்தை மீறியது என்று 2000இல் தீர்ப்பு வந்தது. கம்பனியை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்ற உத்தரவு மட்டும் 2001இல் மேன்முறையீட்டில் ரத்தானது. அதற்குள் போட்டி முடிந்துவிட்டது. 2003 அளவில் உலகத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் எக்ஸ்புளோரர்தான்.

போட்டி போனதும் என்ன நடந்தது? எக்ஸ்புளோரரின் ஆறாவது பதிப்பு 2001இல் வந்தது. ஏழாவது பதிப்பு வர 2006 ஆனது. ஐந்து வருடங்கள் புதிய பதிப்பே இல்லை. தோட்டத்தில் ஒரே ஒரு கடை இருந்தால் சாமானின் தரமும் விலையும் எப்படியிருக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நெட்ஸ்கேப்பின் மென்பொருள் 1998இல் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவிடப்பட்டிருந்தது. அதிலிருந்து பிறந்த மொசில்லா அமைப்பு 2004 நவம்பரில் பயர்பொக்ஸை வெளியிட்டது. 2008 செப்டெம்பரில் கூகுளின் குரோம் வந்தது. அதற்கு முந்திய வருடம் அப்பிளின் ஐபோன் வந்திருந்தது, அதற்குள் சபாரி இருந்தது. பிறகு மலிவான அன்ட்ரொயிட் போன்கள் உலகமெல்லாம் பரவின. அவற்றில் அநேகமானவற்றில் குரோம் ஏற்கனவே ஏற்றியிருந்தது. 2016 ஒக்டோபரில் ஸ்டாட்கவுண்டர் கணக்கில் போனும் டப்லெட்டும் சேர்ந்து 51.3 வீதமாகிக் கணனியை முதன்முறையாக முந்தின. 2022 ஜூன் 15இல் மைக்ரோசொப்ட் எக்ஸ்புளோரருக்கு விடை கொடுத்தது.

இன்று பக்கங்களை எண்ணினால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குரோம். இரண்டாவது சபாரி. எட்ஜ், பயர்பொக்ஸ் போன்றவை அவற்றுக்கு வெகு கீழே நிற்கின்றன. நெட்ஸ்கேப் போய் எக்ஸ்புளோரர் வந்தது, எக்ஸ்புளோரர் போய் குரோம் வந்தது. இரண்டு தடவையும் உலாவியின் தரத்தைப் போலவே இன்னொன்றும் வேலை செய்தது. வாங்கிய பெட்டிக்குள் முதலிலேயே எது இருந்தது என்பதுதான் அது.

நாட்டுக்கு நாடு ஏன் வித்தியாசம்?

உலகக் கணக்கு ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு நாட்டுக் கணக்கும் அப்படியே இருக்காது. மேல் மலையில் விளைவதும் கீழ் மலையில் விளைவதும் ஒரே மாதிரி இல்லையே! சில நாடுகளைப் பார்ப்போம்.

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஐபோன் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். ஆகவே அங்கே சபாரியின் பங்கு உலக அளவைவிட மிக அதிகம். இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் அன்ட்ரொயிட் போன்களே பெரும்பான்மை. ஆகவே குரோம் முன்னால் நிற்கிறது. கையிலுள்ள போனின் விலைதான் இங்கே உலாவியைத் தீர்மானிக்கிறது.

ஜேர்மனியில் கதை வேறு. 2009, 2010 காலத்தில் அங்கே பாதிக்கு மேல் பயர்பொக்ஸ் இருந்தது. தனிப்பட்ட தகவலைப் பாதுகாப்பதில் அந்த மக்களுக்கு அக்கறை அதிகம். 2010 ஜனவரியில் எக்ஸ்புளோரரில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, அது அடைபடும்வரை வேறு உலாவியைப் பாவியுங்கள் என்று ஜேர்மன் அரசாங்கத்தின் தகவல் பாதுகாப்பு அலுவலகமே மக்களிடம் சொன்னது. இங்கே மக்களின் அக்கறையும் அரசின் பேச்சும் கணக்கை மாற்றின.

ஆபிரிக்காவில் நைஜீரியா, கென்யா போன்ற நாடுகளில் பட்டன் போன் காலத்தில் ஒபேரா மினிதான் ராஜா. நோர்வே நாட்டுக் கம்பனி ஒன்று 2006இல் அதை உலகமெங்கும் வெளியிட்டது. நாம் கேட்கும் பக்கத்தை அந்தக் கம்பனியின் கணனி முதலில் வாங்கி, பிழிந்து சுருக்கி, பின்பு போனுக்கு அனுப்பும். பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடச் சுருங்கும். டேட்டாவுக்குக் காசு அதிகம், போனோ சின்னது என்ற இடத்தில் அது பெரிய உதவி.

இந்தியாவில் இதே வேலையைச் செய்து யூசி பிரவுசர் முதலிடம் பிடித்தது. அது சீனாவில் செய்யப்பட்டது. 2014இல் அலிபாபா கம்பனி அதை வாங்கியது. 2015, 2016 காலத்தில் இந்தியாவில் போனில் திறக்கப்பட்ட பக்கங்களில் அதுவே முன்னால் நின்றது. 2016 செப்டெம்பரில் ஜியோ கம்பனி வந்து இந்தியாவில் டேட்டா விலையைச் சரித்தது. பக்கத்தைச் சுருக்க வேண்டிய தேவை குறைந்தது, குரோம் மேலே ஏறியது. 2020 ஜூன் 29இல் இந்திய அரசாங்கம் 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. அந்தப் பட்டியலில் யூசி பிரவுசரும் இருந்தது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2015 மே மாதம் கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்து சிட்டிசன் லாப் ஆய்வாளர்கள் யூசி பிரவுசரைச் சோதித்துப் பார்த்தார்கள். பாவிப்பவர் இருக்கும் இடம், அவர் தேடிய சொற்கள், போனின் அடையாள இலக்கங்கள் போன்றவை சரியான பூட்டு இல்லாமல் வெளியே போவதைக் கண்டார்கள். மலிவாகக் கிடைத்ததற்கு வேறு வழியில் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே ஒரு நாட்டில் ஓர் உலாவி அதிகமென்றால் அது ஆகச் சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. போனின் விலை, டேட்டாவின் விலை, பெட்டியோடு வந்தது எது, அரசாங்கம் என்ன சொன்னது, இவைதான் பெரும்பாலும் அந்த முடிவை எடுத்திருக்கும்.

ஒரு நாடே ஒரே கதவில் நின்ற கதை

இனி தென்கொரியாவைப் பார்ப்போம். எல்லோரும் ஒரே உலாவியில் போய் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

1990களில் வலுவான இரகசியப் பூட்டு முறைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப அமெரிக்கச் சட்டம் தடை போட்டிருந்தது. ஆகவே அமெரிக்க உலாவிகளில் வெளிநாட்டாருக்குக் கிடைத்த பூட்டு பலவீனமானது. அதை நம்பி வங்கி வேலை செய்ய முடியாது என்று கண்ட கொரியர்கள் தாங்களே ஒரு பூட்டைச் செய்தார்கள். அதற்கு சீட் என்று பெயர். உலாவிக்குள் அது கிடையாது. அதனால் தனியாக ஒரு துணை மென்பொருளை ஏற்ற வேண்டியிருந்தது. எக்ஸ்புளோரரில் அதை ஏற்றும் வழிக்கு அக்டிவ்எக்ஸ் என்று பெயர்.

தொடக்கத்தில் நெட்ஸ்கேப்புக்கும் இப்படி ஒரு வழி இருந்தது. நெட்ஸ்கேப் மெலிந்து போனதும் அதைக் கவனிக்க ஆளில்லை. எக்ஸ்புளோரர் மட்டும் மிஞ்சியது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா தன் தடையைத் தளர்த்தியது, உலாவிகளுக்கெல்லாம் நல்ல பூட்டு வந்தது. ஆனால் கொரியாவில் அதற்குள் விதிகள் எழுதியாகிவிட்டன. வங்கி, அரசாங்கப் பத்திரங்கள், 300,000 வொன்னுக்கு மேற்பட்ட இணையக் கொள்முதல் எல்லாவற்றுக்கும் அதே அத்தாட்சி முறை வேண்டும் என்றானது. உலகத்திலேயே வேகமான இணையம் உள்ள நாடுகளில் ஒன்றான கொரியாவில், பயர்பொக்ஸோ அப்பிள் கணனியோ வைத்திருந்தவர் தன் சொந்தப் பணத்தைப் பார்க்கவே வேறு கணனியைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

கிம் கீசாங் என்ற சட்டப் பேராசிரியர் இது நியாயமில்லை என்று 2007இல் வழக்குப் போட்டார். தோற்றார். "எல்லாரும் எக்ஸ்புளோரர்தானே பாவிக்கிறாங்க" என்பது அன்றைய நியாயம். ஆனால் யோசித்துப் பாருங்கள். எல்லாரும் அதைப் பாவித்ததால் பக்கங்களை அதற்கு மட்டும் செய்தார்கள். பக்கங்களை அதற்கு மட்டும் செய்ததால் எல்லாரும் அதையே பாவித்தார்கள். செக்குமாடு சுற்றுவது போல இது சுற்றிக்கொண்டே இருந்தது.

இன்னொரு தீமையும் வந்தது. ஒவ்வொரு பக்கமும் "இதை ஏற்றட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்ததால், எதைக் கேட்டாலும் வாசிக்காமல் "சரி" என்று அழுத்தும் பழக்கம் மக்களுக்கு வந்துவிட்டது. திருடனுக்கு வேறென்ன வேண்டும்?

கடைசியில் கதவை அசைத்தது ஒரு தொலைக்காட்சி நாடகம். 2014இல் சீனாவில் புகழ்பெற்ற கொரிய நாடகத்தின் கதாநாயகி உடுத்திய மேலங்கியைச் சீன ரசிகர்கள் கொரியக் கடைகளில் வாங்க ஆசைப்பட்டார்கள். வாங்க முடியவில்லை. அத்தாட்சி முறை அவர்களைத் தடுத்தது. அந்த மார்ச் மாதம் ஜனாதிபதி பார்க் கியுன்-ஹே ஒரு கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னார். அந்த வருடமே கொள்முதலுக்கான கட்டாயம் நீங்கியது. பழைய அத்தாட்சி முறைக்கு இருந்த தனிச் சட்ட அந்தஸ்து 2020 டிசம்பரில் முடிந்தது. 1999 தொடங்கி 21 வருடங்கள்! சொந்த நாட்டு மக்கள் வருடக்கணக்காகச் சொன்னபோது திறக்காத கதவு, வியாபாரம் தடைப்பட்டபோது திறந்தது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

பக்கற் பல, ஸ்டோர் ஒன்று

கடையில் தேயிலை பக்கற் பத்து நிறத்தில் இருக்கும். ஆனால் அரைத்த ஸ்டோர் ஒன்றாக இருக்கலாம். உலாவிகளிலும் அப்படித்தான். பக்கத்தைக் கட்டும் உள் இயந்திரத்தைப் பார்த்தால் இன்று முக்கியமானவை மூன்றே மூன்று. குரோமின் பிளிங்க், சபாரியின் வெப்கிட், பயர்பொக்ஸின் கெக்கோ. ஒபேரா 2013இல் தன் சொந்த இயந்திரத்தை விட்டு குரோமின் பக்கம் வந்தது. மைக்ரோசொப்டின் எட்ஜும் 2020 ஜனவரியில் அப்படியே வந்தது. சம்சுங் இன்டர்நெட்டும் அந்த ஸ்டோரில் அரைத்ததுதான். ஐபோனில் எந்த உலாவியை ஏற்றினாலும் உள்ளே வெப்கிட்தான் இருக்க வேண்டும் என்று அப்பிள் விதி வைத்திருந்தது. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டம் வந்த பிறகே அங்கே அந்த விதி தளர்ந்தது.

ஒரே கட்டளை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்வது இதில் உள்ள நன்மை. ஒரே கம்பனி நினைத்தபடி இணையம் முழுவதும் வளையலாம் என்பது தீமை. அதனால்தான் குரோமை கூகுளிடமிருந்து பிரித்து விற்க வேண்டும் என்று அமெரிக்க அரசாங்கம் நீதிமன்றத்தில் கேட்டது. 2025 செப்டெம்பரில் நீதிபதி விற்கத் தேவையில்லை என்று தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் கதவு யார் கையில் இருக்கிறது என்பது நீதிமன்றம் வரை போகும் விஷயம் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

நாம் செய்ய வேண்டியது என்ன?

1. உங்கள் போனில் உள்ள உலாவியின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். பேஸ்புக்கில் வரும் இணைப்பை அழுத்தினால் அது பெரும்பாலும் பேஸ்புக்குக்குள்ளேயே ஒரு சின்ன உலாவியில் திறக்கும். விண்ணப்பம் நிரப்ப அது நல்ல இடமில்லை. முகவரியைப் பிரதி எடுத்துச் சரியான உலாவியில் திறவுங்கள்.

2. இடம் இருந்தால் இரண்டாவது உலாவி ஒன்றையும் வைத்திருங்கள். இவை இலவசம். குரோமில் நின்றுபோன பக்கம் பயர்பொக்ஸில் போகலாம், அதில் நின்றது இதில் போகலாம்.

3. ஒரு பக்கம் வேலை செய்யாவிட்டால் முதலில் உலாவியைப் புதுப்பியுங்கள். பழைய பதிப்பில் ஓட்டைகளும் இருக்கும். போன் மிகவும் பழையதென்றால் புதிய பதிப்பு வருவது நின்றுபோயிருக்கலாம். அந்தப் போனில் பணக் காரியம் செய்ய வேண்டாம்.

4. பக்கத்தைச் சுருக்கித் தரும் உலாவியைச் செய்தி வாசிக்கப் பாவியுங்கள். வங்கி, அடையாள அட்டை இலக்கம், இரகசிய இலக்கம் போன்றவற்றுக்கு வேண்டாம். சுருக்கும்போது பக்கம் மூன்றாம் ஆளின் கணனி வழியாகப் போய் வருகிறது.

5. மேலே உள்ள முகவரியை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். இலங்கை அரசாங்க முகவரிகள் பெரும்பாலும் ஜீஓவி புள்ளி எல்கே என்று முடியும். பூட்டுப் படம் இருந்தால் வழியில் ஒட்டுக்கேட்க முடியாது என்றுதான் அர்த்தம். மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று அர்த்தமில்லை.

6. "ஏற்றட்டுமா? அனுமதிக்கிறீர்களா?" என்று கேட்டால் வாசித்துவிட்டு அழுத்துங்கள். விளங்காவிட்டால் "வேண்டாம்" என்பதே நல்ல பதில். கொரியக் கதையை நினைவில் வையுங்கள்.

7. எல்லாம் செய்தும் போகவில்லையென்றால் அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உலாவியின் பெயர், திகதி, நேரம் எழுதிக்கொள்ளுங்கள். முடிவுத் திகதிக்கு முன்பே சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போய் "இந்த உலாவியில் உங்க பக்கம் திறக்கல, வேற வழி சொல்லுங்க, இல்லாட்டி கடதாசி விண்ணப்பம் தாங்க" என்று மரியாதையாக, ஆனால் தயங்காமல் கேளுங்கள். எல்லோருக்கும் பொதுவான சேவை எல்லோருடைய போனிலும் திறக்க வேண்டும். அது நாம் கேட்கும் சலுகை அல்ல.

முடிவாக

வீதக் கணக்கில் 2 வீதம், 3 வீதம் என்று கடைசியில் வருபவர்கள் சின்னக் கூட்டமாகத் தெரியும். ஆனால் உலகம் முழுவதற்கும் அது கோடிக்கணக்கான மனிதர். மலிவான போன், பழைய போன், சிக்னல் குறைந்த மலை, சின்ன ரீலோட் என்று இருப்பவர்கள்தான் அநேகமாக அந்தக் கடைசி வரிசையில் நிற்கிறார்கள். பெரும்பான்மையை மட்டும் பார்த்து ஒரு பக்கத்தைச் செய்பவர் அந்த வரிசையைப் பார்ப்பதே இல்லை.

ஆகவே தாய்மாரே, அடுத்த தடவை பட்டன் வேலை செய்யாவிட்டால் "நமக்கு இது வராது" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். "வேற கதவால போய்ப் பாரு புள்ள" என்று சொல்லுங்கள்.

குடும்பமாகப் பேசிப் பாருங்கள்

1. நம் வீட்டுப் போன்களில் என்னென்ன உலாவிகள் இருக்கின்றன? கடைசியாக எப்போது புதுப்பித்தோம்?

2. நம் லயத்தில் எத்தனை போன்? அவற்றில் நூற்றுக்கு எத்தனை வீதம் குரோம்? பிள்ளைகள் கணக்கு எடுத்து ஒரு கடதாசியில் எழுதட்டும். ஆளை எண்ணினீர்களா, போனை எண்ணினீர்களா என்பதையும் மேலே குறிக்கட்டும்.

3. ஒரு பக்கம் திறக்காததால் நம் வீட்டில் யாருக்காவது ஏதாவது தவறிப்போனதுண்டா? அப்போது யாரைக் குறை சொன்னோம்? இப்போது என்ன சொல்வோம்?